பரங்கிப் பிஞ்சு வெம்பி உதிர்கிறதா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் பரங்கிக்கொடி நன்றாகப் படர்ந்து பூக்கிறது. பிஞ்சுகள் மட்டும் நெல்லிக்காய் அளவிலேயே மஞ்சளாகி உதிர்கின்றன. உரம் போதவில்லையா?
- வாசகி, தேவிபட்டினம்

பதில்: உரத்தைக் கூட்டாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருக்கும். பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம். கடற்காற்று பலமாக வீசும் நாட்களில் தேனீக்கள் அதிகம் வருவதில்லை. நீங்களே கையால் சேர்த்துவிடலாம்.

ஆண்பூ மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும். பெண்பூவின் அடியில் குட்டிப் பரங்கி இருக்கும். கொடியில் முதலில் ஆண்பூக்களே வரும், பயப்பட வேண்டாம். காலை 6 முதல் 8 மணிக்குள், அன்று விரிந்த ஆண்பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிடுங்கள். நடுத்தண்டை விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். அதைப் பெண்பூ நடுவிலுள்ள சூல்முடியின் எல்லா மடல்களிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும். ஒரு பெண்பூவுக்கு இரண்டு ஆண்பூ என்றால் இன்னும் நல்லது.

வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். மழையில் நனைந்த மகரந்தமும் உதவாது. சேர்ந்திருந்தால் சில நாட்களில் பிஞ்சு பருத்துக் காம்பு தடிக்கும். அப்படியும் உதிர்ந்தால் பாசனத் தண்ணீர் உப்பா என்று பாருங்கள்.

சுரைக்கு இந்த நேரம் பொருந்தாது. அது அந்தியில் பூப்பது, மாலையில் செய்யுங்கள்.