கேளுங்கள், சொல்கிறோம்: ஜப்பான் பீங்கான்

பாட்டி வீட்டுப் பூச்சாடியின் அடியில் ஆங்கிலத்தில் 'நிப்பான்' என்று முத்திரை இருக்கிறது. முந்நூறு வருடப் பழசு, லட்சக்கணக்கில் போகும் என்கிறார் மாமா. நிஜமா?
– வாசகி, காரைக்குடி

மாமாவுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் இல்லை. அமெரிக்கா 1890-ல் ஒரு சுங்க வரிச் சட்டம் போட்டது, அதன்படி அடுத்த வருடத்திலிருந்து அங்கே போய் இறங்கும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஜப்பான்காரர்கள் தங்கள் மொழியில் நாட்டின் பெயரான 'நிப்பான்' என்று எழுதி அனுப்பினார்கள். 1921-ல் அது செல்லாது, 'ஜப்பான்' என்றே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முத்திரை அசல் என்றால் சாடி 1891-க்கும் 1921-க்கும் இடையில் செய்ததுதான். அசல் என்றால். அதே முத்திரையைப் போட்ட புதுச் சாடிகளும் சந்தையில் நிறைய உலவுகின்றன, அதனால் அடியைப் பார்ப்பதற்கு முன் ஓவியத்தைப் பாருங்கள்.

என் தட்டின் பின்னால் சீன எழுத்தில் மிங் பேரரசர் ஒருவரின் பெயர். விற்றவரோ ஜப்பான் தட்டு என்கிறார். யார் பொய் சொல்வது?
– வாசகர், கோவை

அனேகமாகத் தட்டுதான்! ஜப்பானில் பீங்கான் செய்யவே 1610-களில்தான் ஆரம்பித்தார்கள். அதற்கு முன் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி கொரியா மீது படையெடுத்தபோது அங்கிருந்து குயவர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் யி சாம்-பியோங் என்பவர் கியூஷு தீவின் அரிதா ஊர்ப் பக்கம் இசுமியாமா மலையில் பீங்கானுக்கு ஏற்ற கல்லைக் கண்டுபிடித்தார் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு, வருடம் 1616 என்பார்கள். அன்றைக்கு மதிப்பெல்லாம் சீனச் சரக்குக்கு. அதனால் அரிதாவில் செய்த தட்டிலும் 15-ஆம் நூற்றாண்டு மிங் பேரரசர் செங்ஹுவாவின் முத்திரையைக் கூசாமல் எழுதினார்கள். பிறகு 1644-ல் மிங் ஆட்சி கவிழ்ந்து சீன ஏற்றுமதி தடுமாறியதும் டச்சுக் கம்பெனி அரிதா பக்கம் திரும்பியது, சரக்கு இமாரி துறைமுகம் வழியாகப் போனதால் 'இமாரி' என்றே பேர் நிலைத்துவிட்டது. அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியின் மைசன் ஆலை அரிதாவின் ககியெமோன் என்ற குயவர் குடும்பத்தின் பாணியை அப்படியே பார்த்து வரைந்தது. காப்பியடித்தவர்களையே காப்பியடித்தார்கள், வேறென்ன சொல்ல!

கையால் வரைந்ததா, அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திருச்சி

பூதக்கண்ணாடி போதும். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அச்சு. கைவேலையில் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும், நீலம் தூரிகை நின்ற இடத்தில் கொஞ்சம் தேங்கி அடர்த்தியாக இருக்கும், ஒரே பூ இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. ஆனால் கைவேலை என்றால் ஒரே ஆள் செய்தது என்று நினைக்காதீர்கள். அரிதாவில் கோடு போடுபவர் ஒருவர், பெரிய தூரிகையில் நீலம் நிரப்புபவர் இன்னொருவர். கண்ணாடி போன்ற மெருகு பூசி 1,300 டிகிரி அளவில் சுட்ட பிறகு சிவப்பும் பொன்னும் வைப்பது வேறொரு கை, அதற்கு இன்னொரு முறை குறைந்த சூட்டில் சூளை. 'முழுக்க ஒரே கலைஞர் செய்தது' என்று கடைக்காரர் கதை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

பொன் விளிம்பு வைத்த பழைய தட்டில் சாப்பிடலாமா? மைக்ரோவேவில் வைக்கலாமா?
– வாசகர், சேலம்

மைக்ரோவேவ் கூடவே கூடாது, பொன் விளிம்பில் தீப்பொறி பறக்கும். மெருகின் மேல் தீட்டிய பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், அதனால் புளிக்குழம்பு, ஊறுகாய், எலுமிச்சை எதுவும் அதில் வேண்டாம். சுவரில் மாட்டுங்கள்.