பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றதும் டிரைவர் மேல் பாயாதீர்கள்

காட்பாடியில் உள்ள எங்கள் கணினிக் கடைக்கு வருகிறவர்களில் பலர் “டிரைவரை நாலு தடவை எடுத்துட்டுப் போட்டுட்டேன் சார்” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். டிரைவர் என்பது கணினியைப் பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருள். நாலு தடவை போட்டும் சரியாகவில்லை என்றால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளிலும் அப்படிப்பட்டவைதான் அதிகம்.

சத்துவாச்சாரி ஆசிரியை: கரண்ட் போய் வந்தாலே வைஃபை பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்கிறது. மொபைலில் கொடுத்தால் பிரிண்ட் வருகிறது, லேப்டாப்பில் வருவதில்லை. டிரைவரை மறுபடி போட்டால் அடுத்த பவர் கட் வரை ஓடுகிறது.

மொபைலில் வருகிறது என்றால் பிரிண்டருக்கும் வைஃபைக்கும் ஒன்றும் ஆகவில்லை, டீச்சர். வீட்டு ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி தரும், வீட்டு எண் மாதிரி. அது நிரந்தரம் இல்லை. கரண்ட் போய் வந்ததும் 192.168.1.5-ல் இருந்த பிரிண்டர் 192.168.1.8-க்குக் குடிபோயிருக்கும். லேப்டாப் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகும் வாலாஜாபேட்டைக்கு ‘வேலூர் மாவட்டம்’ என்றே விலாசம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தபால்காரருக்கு அது புரியும், விண்டோஸுக்குப் புரியாது.

பிரிண்டரின் மெனுவிலிருந்தே நெட்வொர்க் விவரப் பக்கம் ஒன்றை அச்சடித்து முகவரியைப் பாருங்கள். லேப்டாப்பில் ‘பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்’ போய் ‘போர்ட்ஸ்’ பகுதியில், லேப்டாப் பிரிண்டரைத் தேடிப் போகும் முகவரியாக இருப்பதோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் ‘ஆட் போர்ட்’ வழியாக ‘ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்’ ஒன்றைப் புது முகவரியில் சேர்க்கலாம். போர்ட் பெயர் ‘டபிள்யூஎஸ்டி’ (WSD) என்று தொடங்கினால் அது விண்டோஸ் தானாகப் போட்டது, பெயரில் முகவரி இருக்காது; ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் நேராகப் புதிய போர்ட்டையே சேர்த்துவிடுங்கள்.

இது அன்றைய பாட்டுக்குத்தான். தொல்லை திரும்ப வராமலிருக்க, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் அந்த முகவரியைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். கேபிள்காரர் அடுத்த முறை வரும்போது கேட்டால் செய்துகொடுப்பார்.

இன்னொன்று. பிரிண்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து அதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். ரவுட்டரில் இன்டர்நெட் விளக்கு எரிந்த பிறகு பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

குடியாத்தம்: ஒரு ஃபைல் மூன்று நாளாக ‘டெலீட்டிங்’ என்றே நிற்கிறது. பின்னால் கொடுத்ததெல்லாம் வரிசையில் தேங்கிக் கிடக்கிறது.

அச்சு வேலைகளை வரிசையில் வைத்துப் பிரிண்டருக்கு அனுப்பும் ஸ்பூலர் என்ற சேவையில் சிக்கல். பிரிண்டரை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, ‘பிரிண்ட் ஸ்பூலர்’ மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாப்’ கொடுங்கள். அப்புறம் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் சிக்கிய ஃபைல்கள் இருக்கும். உள்ளே இருப்பவற்றை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். பிறகு ஸ்பூலரை மறுபடி ‘ஸ்டார்ட்’ செய்யுங்கள். அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை.

ராணிப்பேட்டை: பிரிண்ட் கொடுத்தால் ஃபைலை எங்கே சேமிக்க என்று கேட்கிறது!

காகிதத்துக்குப் பதில் ஃபைலாகச் சேமிக்கும் ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’புக்குப் போகிறது. செட்டிங்ஸில் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதை அணைத்து, உங்கள் பிரிண்டரை டிஃபால்ட் ஆக்குங்கள்.

ஆரணி: மகள் கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப் திரையில் அழகாகத் தெரிகிறது. பிரிண்டில் தமிழ் கட்டம் கட்டமாக விழுகிறது.

எழுத்துருவை டிரைவர் சரியாக மாற்றிக்கொள்ளவில்லை. அடோபி ரீடரில் பிரிண்ட் பெட்டியைத் திறந்து ‘அட்வான்ஸ்டு’ போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய்யுங்கள். பக்கம் முழுவதும் படமாகப் போவதால் கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் கொம்பும் புள்ளியும் இடம் மாறாது. பத்திரிகை ‘பாமினி’ என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல் என்றால் கதை வேறு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகள்தான் தாறுமாறாகத் தெரியும். டிடிபி சென்டரிலேயே பிடிஎஃப் ஆக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்: பழைய லேசர் பிரிண்டர். புது லேப்டாப்பில் விண்டோஸ் 11. சிடி போட வழியில்லை.

போட்டாலும் பயன் இருக்காது என்றே நினைக்கிறேன். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் மட்டும்தான். பழைய சிடியில் 32 பிட் டிரைவர் மட்டும் இருந்தால் ஏறாது. பிரிண்டர் கம்பெனியின் சொந்தத் தளத்தில் உங்கள் மாடலுக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட் தேடித் தரும் என்று காத்திருக்க வேண்டாம். கம்பெனிகளின் டிரைவர்களை அந்த வழியில் தருவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே அறிவித்துவிட்டது.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. மேலே விளம்பரமாக வரும் ‘டிரைவர் அப்டேட்டர்’களையும் ‘உதவி எண்’களையும் தொடாதீர்கள். என் மைத்துனர் அப்படி ஒரு எண்ணுக்குப் பேசி, கணினியை அவர்கள் கையில் கொடுத்து, இல்லாத வைரஸுக்குப் பணமும் கட்டினார். பிரிண்டர் கேபிள் கழன்றிருந்தது.

காட்பாடி காந்தி நகர்: பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் வேலை செய்யவில்லை.

விண்டோஸ் தானாகப் போட்ட பொது டிரைவர் ஓடுகிறது. அதில் அச்சு வரும், ஸ்கேன் வராமல் போகலாம். கம்பெனித் தளத்தில் ‘ஃபுல் சாஃப்ட்வேர்’ என்று இருப்பதை இறக்குங்கள். யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு இன்ஸ்டாலைத் தொடங்கி, அது கேட்கும்போது செருகுங்கள். முதலிலேயே செருகினால் பொது டிரைவர் மறுபடி முந்திக்கொள்ளும்.