தலைகீழ் வரிசை வெறும் உத்தியா?

கேள்வி: கிறிஸ்டோபர் நோலனின் 'மெமன்டோ' படத்தை நேர்வரிசையில் அடுக்கிப் பார்த்தால், மனைவியைக் கொன்றவனைத் தேடும் சாதாரணப் பழிவாங்கும் கதைதான் மிஞ்சுகிறது. தலைகீழாகச் சொன்னார் என்பதற்காகவே அதைக் கொண்டாடுவது சரியா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: நேர்வரிசையில் அடுக்கினால் என்ன ஆகும் என்று நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அப்படி அடுக்கப்பட்ட வடிவமே அப்படத்தின் சிறப்பு டிவிடி பதிப்பு ஒன்றில் இடம்பெற்றிருந்தது. (படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து இந்தப் பதிலைப் படிக்க வேண்டுகிறேன். 2000-இல் வந்த படம்தான் என்றாலும், அதன் முடிச்சு முதன்முறையாக அவிழும் அனுபவத்தை யாரிடமிருந்தும் பறிக்க எனக்கு மனமில்லை.) அந்த வடிவத்தில், தன்னோடு நண்பனைப் போலப் பழகும் டெடியின் கார் எண்ணைக் கொலையாளியின் அடையாளமாக, மறதி நோயுள்ள நாயகன் லென்னர்ட் தெரிந்தே குறித்துக்கொள்வதை நாம் முதல் பாதியிலேயே பார்த்துவிடுகிறோம். உண்மையான குற்றவாளி முன்பே கொல்லப்பட்டுவிட்டான் என்று டெடி சொல்வதும் அங்கேயே வந்துவிடுகிறது. அதன் பிறகு மர்மமும் இல்லை, நீங்கள் சொல்லும் பழிவாங்கலும் இல்லை. தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்ட ஒருவன் கொலையை நோக்கி நடப்பதை வெளியே நின்று பார்ப்பது மட்டுமே மிச்சம்.

நோலன் வெளியிட்ட படத்தில் வண்ணக் காட்சிகள் பின்னோக்கிச் செல்கின்றன. ஒவ்வொன்றும் நாம் ஏற்கெனவே பார்த்த காட்சி தொடங்கிய இடத்தில் வந்து முடிகிறது. இவற்றுக்கிடையே கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி நகர்கின்றன. எடுத்த உடனே அச்சாகி வரும் ஒரு போலராய்டு படத்தில் உருவம் மெல்லத் தெளியும் கணத்தில் கறுப்பு வெள்ளை வண்ணமாகி, இரண்டு ஓட்டங்களும் ஒன்றுசேர்கின்றன. தலையில் பட்ட அடிக்குப் பிறகு புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்க இயலாத லென்னர்டுக்கு, தான் நிற்கும் இடத்துக்கு எப்படி வந்தோம் என்பது தெரியாது; அந்தக் காட்சி வரிசையால் நமக்கும் தெரியாது.

லென்னர்ட் தன் தேடலில் சந்திக்கும் பெண்ணான நாட்டலியின் காட்சியை நினைத்துப் பாருங்கள். முகத்தில் காயத்தோடு அவள் வீட்டுக்குள் வந்து, டாட் என்பவன் தன்னை அடித்துவிட்டதாகச் சொல்லும்போது, லென்னர்டைப் போலவே நாமும் அவளுக்காகப் பதறுகிறோம். அடுத்த வண்ணக் காட்சியில்தான், அதற்குச் சற்று முன்பு அவள் வீட்டிலுள்ள பேனாக்களையெல்லாம் எடுத்து ஒளித்துவைத்ததும், வேண்டுமென்றே அவனைச் சீண்டி அவன் கையாலேயே அடி வாங்கியதும், அவன் எழுதிவைக்கப் பேனா தேடித் தவிக்கும் நேரம் முழுவதும் வாசலில் காருக்குள் பொறுமையாக உட்கார்ந்திருந்ததும் தெரிகின்றன. நேர்வரிசையில் இது ஒரு பெண்ணின் தந்திரம் மட்டுமே. பின்வரிசையில், சில நிமிடங்களுக்கு முன் நாம் பட்ட இரக்கத்தையே நாம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. மனித மனத்தைப் பற்றிய படம் என்று இதைச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காட்சியே போதும்.

தமிழில் 2005-இல் வந்த 'கஜினி' இதே மறதியையும், உடலில் குத்திய பச்சையையும், போலராய்டு படங்களையும் எடுத்துக்கொண்டு, கதையை முன்கதைகளின் வழியே சொன்னது. அங்கே மறதி நாயகனுக்கு மட்டுமே உரியது. நாம் அவனுக்காக வருந்துகிறோம், அவனைப் போலத் தடுமாறுவதில்லை. அப்படம் தன் காதல் கதையின் வலுவில் நிற்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், வரிசையை மாற்றினால் பொருளும் மாறிவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மீண்டும் பார்க்கும்போது, லென்னர்ட் அடிக்கடி சொல்லும் கதையில் வரும் மறதி நோயாளியான சாமி ஜான்கிஸ் மனநலக் காப்பகத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் காட்சியில் கண்ணை எடுக்காதீர்கள். அவருக்கு முன்னால் ஒருவர் குறுக்கே நடந்து போகிறார். அவர் கடந்ததும், இமைப்பொழுதுக்கு, அந்த நாற்காலியில் லென்னர்ட் உட்கார்ந்திருக்கிறார்.