ஜெலாட்டின் உருகியது, அகார் நின்றது

கேள்வி: மறக்கப்பட்ட பெண் விஞ்ஞானிகள் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். பெரிதாக எதையாவது செய்திருந்தால் பெயர் தானாக நிலைத்திருக்காதா? கிருமி வளர்க்கச் சமையலறையிலிருந்து அகாரை (கடற்பாசியிலிருந்து எடுக்கும், கூழாக உறையும் பொருள்) எடுத்துக் கொடுத்த ஃபேனி ஹெஸ்ஸேயை அந்த வரிசையில் சேர்ப்பது மிகை இல்லையா? (வாசகர், திருச்சி)

பதில்: மிகை இல்லை. பெயர் தானாக நிலைப்பதும் இல்லை. ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் அச்சாகிறதோ, அதுதான் நிற்கும். ஃபேனி எந்தக் கட்டுரைக்கும் ஆசிரியர் இல்லை.

அவர் தீர்த்து வைத்த சிக்கல் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஒரே வகை பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்க்கக் கெட்டியான தளம் வேண்டும். ஜெர்மன் நுண்ணுயிரியல் முன்னோடி ராபர்ட் கோக் முதலில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டைப் பயன்படுத்தினார். அதன் வழியே ஒளி புகாது. பல கிருமிகள் அதில் வளரவும் இல்லை. அடுத்து ஜெலாட்டின். மனித உடலில் நோய் உண்டாக்கும் கிருமிகளுக்கு 37 டிகிரி சூடு வேண்டும்; அதற்கு வெகு முன்பே ஜெலாட்டின் உருகிவிடும். அது புரதம் என்பதால் பல பாக்டீரியாக்கள் அதையே தின்று நீராக்கியும் விடும். காற்றிலுள்ள கிருமிகளை எண்ணுவதற்காகக் கண்ணாடிக் குழாயின் உட்புறம் ஜெலாட்டின் பூசி ஆய்வு செய்துகொண்டிருந்த மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸே, கோடை வெயிலில் இதே தொல்லையில் மாட்டிக்கொண்டார்.

அவர் மனைவி ஃபேனி 1850-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சு அண்டைவீட்டாரிடமிருந்து அகாரைத் தெரிந்துகொண்டவர். நம் ஊரில் நோன்பு மாதத்தில் காய்ச்சுகிற கடற்பாசிதான் அது. "சமையலறை" என்று நீங்கள் எழுதுவது பாதிக் கதை. அவர் கணவரின் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை செய்தார். கணவரின் வெளியீடுகளுக்காகப் பாக்டீரியாக் காலனிகளை (தளத்தில் ஒரே இடத்தில் பெருகிய கிருமிக் கூட்டங்களை) வண்ணத்தில் வரைந்தார். எது உருகுகிறது, ஏன் உருகுகிறது என்று தினமும் பார்த்தவர் சொன்ன தீர்வுதான் ஜெலாட்டினுக்குப் பதில் அகார்.

அகாரின் குணம் அலாதியானது. உருக 85 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகியபின் 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும். இந்த இடைவெளிதான் தட்டில் கிருமி வளர்க்கும் வேலைக்கு அடிப்படை.  அகார் சேர்த்த ஊட்டக் கலவையை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) 121 டிகிரியில் 15 நிமிடம் வைப்பார்கள். பிறகு 45 முதல் 50 டிகிரிக்கு ஆறவிட்டுத் தட்டுக்கு 15-20 மில்லி ஊற்ற வேண்டும். அதற்குமேல் சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டி, காலனிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும். அதிகம் ஆறவிட்டால் கட்டி தட்டும். புளிப்பு மிகுந்த கலவையை அப்படியே ஆட்டோகிளேவில் வைத்தால் அகார் சிதைந்து உறையவே உறையாது. உறைந்த தட்டைக் கவிழ்த்துத்தான் இன்குபேட்டரில் (கிருமி வளர ஒரே சூட்டில் வைத்திருக்கும் பெட்டி) வைப்பார்கள். மிகச் சில பாக்டீரியாக்களைத் தவிர (அவை பெரும்பாலும் கடலில் வாழ்பவை), வேறெந்தப் பாக்டீரியாவும் அகாரைத் தின்னாது.

வால்தர் அகார் பற்றிக் கோக்குக்கு எழுதினார். காசநோய்க் கிருமி பற்றிக் கோக் 1882 ஏப்ரலில் வெளியிட்ட கட்டுரையில் அகார் ஒரே வாக்கியத்தில் வருகிறது. ஹெஸ்ஸே தம்பதியின் பெயர் இல்லை. (அகாரால்தான் காசநோய்க் கிருமி பிடிபட்டது என்று சிலர் எழுதுவது தவறு. கோக் அதற்கு முக்கியமாக நம்பியது உறையவைத்த இரத்தச் சீரத்தை.) 1887-இல் ஜெர்மன் ஆய்வாளர் பெட்ரி கிருமி வளர்க்கும் மூடியுள்ள தட்டை விவரித்தார். நல்ல வேலைதான், அவர் பெயர் தட்டோடு ஒட்டிக்கொண்டது. தட்டுக்குள் இருப்பதைக் கொடுத்தவர் 1934-இல் இறந்தார். ஹெஸ்ஸே குடும்பத்துக்கு அகாரால் ஒரு காசும் வரவில்லை.

1939-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இந்த வரலாற்றைத் தோண்டியெடுத்து, இதை 'ஹெஸ்ஸே அம்மையாரின் ஊடகம்' (ஊடகம் என்பது கிருமி வளர்க்கும் தளம்) என்று அழைக்கலாமே என்று எழுதினார்கள். யாரும் அப்படி அழைக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்களின் உழைப்பும் அகாராகத்தான் சந்தைக்குப் போகிறது. பொட்டலத்தில் அவர்களைப் பற்றியும் ஒரு சொல் இருக்காது. தகுதி இருந்தால் பெயர் தானாக வரும் என்ற உங்கள் கணக்கில் இவை எங்கே சேரும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், வெளியிடுகிறோம்.