நிறத்தைக் கூட்டாதீர்கள்: போர்ட்ரெய்ட் புராஜெக்ட் கேள்வி பதில்

சென்னையில் கவின்கலையும் விஸ்காமும் படிக்கிற மாணவர்கள் போர்ட்ரெய்ட் புராஜெக்டுக்காக அனுப்பிய கேள்விகள் இவை. முகங்களை எடுப்பதும் எடிட் செய்வதும்தான் என் தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, என்னிடம் போன்தான் இருக்கிறது. போதுமா? (மாணவி, அண்ணா நகர்)

தாராளமாகப் போதும். ஆனால் போனின் மெயின் கேமரா வைட் ஆங்கிள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது உள்வாங்கித் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2எக்ஸ் வைத்து எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். பின்னணி எங்கே ஆரம்பிக்கிறது என்று அது கணக்குப் போட்டுத்தான் மங்கலாக்குகிறது. தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் ஓரத்துப் பூக்களும் பறக்கிற முடியும் சேர்ந்தே கரைந்துவிடும்.

காலையில் மெரினாவில் கடலைப் பின்னணியாக வைத்து எடுத்தால் முகம் இருட்டாக வருகிறது. ஏன்? (மாணவர், திருவல்லிக்கேணி)

நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் முழுக்க அவர் முதுகில்தான் விழும். கடல் வேண்டுமென்றால் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள், வெயில் முகத்துக்கு வரும். காலையில்தான் முடியும் என்றால் அவரைக் கடல் பக்கம் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். நடு மத்தியானம் வேண்டவே வேண்டாம். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நமக்கு ஏறக்குறைய நேர் மேலே வருகிறது, கண்குழி இரண்டும் கறுத்துவிடும். அந்த நேரத்தில் திண்ணை, போர்டிகோ போன்ற நிழலுக்கு வந்து, எதிரே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் கண்ணில் வெளிச்சம் வந்துவிடும்.

எல்இடி விளக்கில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

அம்மாவை எடுத்தேன். அம்மா நல்ல கறுப்பு. குளோசப்பில் வெளிறிப்போகிறார், வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெறும் நிழலாகிவிடுகிறார். எடிட்டிங்கில் கொஞ்சம் கலர் ஏற்றலாம் என்கிறான் நண்பன். (மாணவி, வியாசர்பாடி)

ஏற்றாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகக் காட்டப் பார்க்கும். கறுத்த முகம் ஃப்ரேமை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளைச் சுவர் நிறைத்தால் குறைக்கும். அம்மா முகத்தில் ஒரு குறையும் இல்லை, கருவிக்குத்தான் ஆளைத் தெரியவில்லை. குளோசப்பில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சம் பாதியாகும்வரை, இறக்குங்கள், சுவருக்கு முன்னால் அதே ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை நகர்த்தினால் போதும்.

கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. பெரிய ஜன்னல் ஓரமாகப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். கன்ன மேட்டிலும் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் வெளிச்சம் அகலமாகப் படரும். அதைப் பவுடர் போட்டு அடக்கிவிடாதீர்கள், முகத்தின் வடிவமே அங்கேதான் தெரிகிறது. எடிட்டிங்கில், கலர் மிக்ஸரில் ஆரஞ்சின் லூமினன்ஸை, அதாவது அந்த நிறத்தின் பிரகாசத்தை, தொடவே வேண்டாம். தோலை வெளுக்க வைக்கிற இடம் அதுதான். பதிலாக 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயரைப் படத்தின் மேல் சாஃப்ட் லைட் மோடில் போட்டு, 5 சதவீத அடர்த்தியுள்ள பிரஷ்ஷால் ஏற்கெனவே ஒளி விழுந்த இடத்தை மட்டும் வெள்ளையில் தடவுங்கள். நிறம் அப்படியே இருக்க, முகம் எழுந்து வரும்.

கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணை இரண்டு ஷேடு ஏற்றிக் கொடுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. கலை படிக்கிற நீங்களும் அதைச் செய்தால், அம்மாவின் முகம் அம்மாவுக்கே அந்நியமாகிவிடும்.

பரு, மச்சம், தழும்பு இதையெல்லாம் எடுக்கலாமா மேடம்?

இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுகிற பருவை ஹீலிங் பிரஷ்ஷால் எடுக்கலாம். மச்சமும் தழும்பும் அவருடையவை. அவரே கேட்டால் மட்டும் எடுங்கள்.

தோழியின் முகத்தின் மேல் கோலம் படர்வது போலச் செய்ய ஆசை. போட்டோஷாப் வாங்க வசதியில்லை. (மாணவர், பெரம்பூர்)

ஜிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். இதற்கு ஜிம்ப்பே போதும்.

விடியற்காலையில், தண்ணீர் தெளித்த தரை காயும் முன்னே, கோலத்தை நேர் மேலிருந்து எடுங்கள். ஈரத்தரை கறுத்திருப்பதால் மாவுக்கோடு பளிச்சென்று பிரியும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லெவல்ஸில் தரை முழுக்கக் கறுப்பாகும்வரை தள்ளுங்கள். முகப் படத்துக்கு மேல் லேயராக வைத்து மோடை ஸ்கிரீனுக்கு மாற்றினால் கறுப்பு மறைந்து கோடு மட்டும் நிற்கும். வெளிச்சமான தோலில் கோடு காணாமல் போகும், அதனால் முகத்தைச் சற்று இருட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கோடு கன்னத்தில் நேராக ஓடினால் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கும். வார்ப் கருவியால் கன்னத்தின் வளைவுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, அப்புறம் லேயர் மாஸ்க்கில் கண்களின் மேல் உள்ள கோடுகளை மறைத்துவிடுங்கள். கோடுகளாலேயே ஒரு முகத்தின் மேடு பள்ளத்தை எப்படிக் கொண்டுவருவது என்று பார்க்க ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள்.

பூ விற்கிற அம்மாக்களைத் தெரியாமல் எடுத்தால்தானே இயல்பாக இருக்கும்?

கேட்டுவிட்டு எடுங்கள். கண்காட்சியில் மாட்டப்போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் அவர் பாட்டுக்குப் பூக் கட்ட ஆரம்பித்துவிடுவார், நீங்கள் தேடும் இயல்பு அப்போது வரும். குழந்தைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம்.

12க்கு 18 அங்குலம் பிரிண்ட் போட வேண்டும். 12 மெகாபிக்சல் போன் தாங்குமா?

அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று பார்த்தால் 3600க்கு 5400 வேண்டும். உங்களிடம் 3000க்கு 4000தான், அங்குலத்துக்கு 222 வரும். நாலடி தள்ளி நின்று பார்க்கிற சுவர்ப் படத்துக்கு அது போதும். ஆனால் ஃபைலை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். லேப்டாப் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு எடிட் செய்யுங்கள், இல்லையென்றால் பிரிண்ட் கறுத்து வரும். பெரிய பிரிண்டுக்கு முன்னால் அதே பேப்பரில் 4க்கு 6இல் ஒன்று போட்டு, பகல் வெளிச்சத்தில் அந்த ஆளின் முகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள்.