இசை கேள்வி–பதில்: ஒரு செல்லோ, பல மேடைகள்

கேள்வி: ஆர்கெஸ்ட்ரா, பரோக் (17–18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை), ஸ்டுடியோ என்று எல்லாப் பக்கமும் வாசிக்கிற செல்லோ கலைஞர் எதிலும் அரைகுறையாகிவிட மாட்டாரா?

பதில்: ஒன்றில் காலூன்றாமல் கிளம்பினால் ஆகத்தான் செய்வார். ஆனர் பைல்ஸ்மா 1962 முதல் 1968 வரை ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ராவில் முதன்மைச் செல்லோ வாசித்தவர். அதற்குப் பிறகே பரோக் செல்லோவில் பெரும்பெயர் எடுத்தார். செல்லோ கலைஞர் யோ-யோ மா, பல நாட்டு இசைக் கலைஞர்களை இணைக்கும் சில்க் ரோடு திட்டத்தை 1998இல் தொடங்கியபோது, பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய தொகுப்புகளைப் பதிவு செய்து ஊரறிந்தவராகி வெகுநாள் ஆகியிருந்தது. பயோடேட்டாவில் பத்துப் பாணிகளை அடுக்குவதைவிட இந்த வரிசை முக்கியம்.

கேள்வி: பரோக் குழு ஒன்றில் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். என்னிடம் ஸ்டீல் தந்தி போட்ட ஒரே செல்லோதான். ஏ சுரத்தின் சுருதியை இன்றைய 440 ஹெர்ட்ஸிலிருந்து பரோக் குழுக்களின் 415க்கு இறக்கிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. ஏறக்குறைய அரைச்சுரம் இறக்கினால் ஸ்டீல் தந்தி தொய்ந்துவிடும்; வில் அழுந்தும் இடத்தில் இரையும், அடித்தந்தியில் சுருதி ஆடும். விலங்குக் குடலில் திரித்த குடல் தந்திக்கு மாறுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். அழுத்தம் போனால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாயும், உள்ளே நிற்கும் சவுண்ட்போஸ்ட் என்ற குச்சியும் விழலாம். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, சுருதிக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்தது. புதுத் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். அதன் பிறகும் காற்றின் ஈரப்பதம் மாறினால் சுருதி நகரும், ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் சரிபார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய மாற்றம் வலது கையில். ஸ்டீலில் பழகிய கனத்தோடு அழுத்தினால் குடல் தந்தி கரகரக்கும். தொடக்கத்தில் தந்தியைப் பிடித்து, உடனே கனத்தை விட்டுவிட்டு வில்லை ஓடவிடுங்கள். பரோக் வில்லின் நுனி இலேசு. கீழிழுப்பு (வில்லை அடியிலிருந்து நுனிவரை இழுப்பது) போகப் போகத் தானாகவே தணியும். அதை வலுக்கட்டாயமாக நுனிவரை ஒரே அளவில் நிறுத்தப் பார்ப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. வைப்ரேட்டோ (விரலை அசைத்துச் சுருதியை நடுங்கவிடுவது) அலங்காரம் மட்டுமே.

செல்லோவைத் தரையில் ஊன்றும் எண்ட்பின் பரோக் வாசிப்பில் கிடையாது, கெண்டைக்கால்களுக்கு இடையில் பிடிக்க வேண்டும். இடது கை தந்தியில் பொசிஷன் (நிற்கும் இடம்) மாறும்போது செல்லோ வழுக்கும். முதல் வாரம் கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். செலவு செய்யத் தயங்கினால் முதலில் பரோக் வில்லை மட்டும் இரவல் வாங்கிப் பாருங்கள், பாதிப் பாடம் அதிலேயே கிடைத்துவிடும்.

பாக்கின் ஐந்தாம் தொகுப்பை எடுத்தால் மேல் ஏ தந்தியை ஜி சுரத்துக்கு இறக்க மறக்காதீர்கள். ஆறாவது, ஐந்து தந்தி வாத்தியத்துக்கு எழுதியது. நான்கு தந்தியில், கட்டைவிரலையும் தந்தியில் வைத்து மேல் சுரங்களை வாசிக்கும் கட்டைவிரல் பொசிஷனிலேயே பாதி நேரம் போய்விடும்.

கேள்வி: ஆர்கெஸ்ட்ரா ஆடிஷனில் எங்கே கோட்டைவிடுகிறார்கள்?

பதில்: ஹைடனின் டி மேஜர் கான்செர்ட்டோவை மாதக்கணக்கில் மெருகேற்றிவிட்டு, பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் தடுக்கி விழுவார்கள். அதன் புள்ளி வைத்த தாளம் 3+1; ஒரு துடிப்பை நான்காகப் பிரித்தால் நீளச் சுரத்துக்கு மூன்று பங்கு, குறுஞ்சுரத்துக்கு ஒன்று. களைத்தால் அது 2+1ஆக, அதாவது டிரிப்ளெட்டாகக் குழையும். திரைக்குப் பின்னால் இருக்கும் நடுவர்களுக்கு முகம் தெரியாது, தாளம்தான் தெரியும். மெட்ரோனோமை துடிப்பின் நான்கில் ஒரு பங்குக்கு ஒரு தட்டு விழும்படி வைத்து, முதலில் மெதுவாக வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள்.

கேள்வி: ஸ்டுடியோ வேலைக்குத் தனியாக என்ன பழக வேண்டும்?

பதில்: க்ளிக் ட்ராக், அதாவது ஹெட்போனில் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் ஒலி. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வையுங்கள். மறுகாது உங்கள் சுருதிக்கு. நொடேஷன் அங்கே போன பிறகே கையில் வரலாம், அதனால் பேஸ், டெனர், டிரெபிள் மூன்று க்ளெஃபையும் (கோடுகளில் எது எந்தச் சுரம் என்று காட்டும் குறி) பார்த்ததும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மைக் அருகில் இருப்பதால் மூச்சும் நாற்காலிக் கிரீச்சும் பதிவாகும்.