செம்பனைப் பூவில் சோம்பு மணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் மரத்தில் பால்வெட்டினேன், பிறகு செம்பனையில் (எண்ணெய்ப்பனையில்) உதிரிப் பழம் பொறுக்கினேன். தோட்டம் கைமாறியதும் குளுவாங்கில் அடுக்குமாடி வீடொன்றின் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் ஜொகூர் பாருவில் இருக்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் இருந்த மாமரமும் பேச்சுத் துணையும் இங்கே இல்லை. பத்து நிமிடம் நடந்தால் செம்பனை, திரும்பி வந்தால் சிமெண்டுச் சுவர். இதில் மனம் மகிழ என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, குளுவாங்

பதில்: அம்மா, லயத்தை நினைத்தால் உங்களுக்கு மாமரம் முன்னால் வந்து நிற்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடியதும், மழை பெய்த நாளில் வெட்டும் இல்லாமல் கூலியும் இல்லாமல் உட்கார்ந்திருந்ததும் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன. அந்தக் காலம் முழுக்க இன்பமாக இருந்தது என்று தோட்டத்தில் வளர்ந்த நானும் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே மரமும் பறவையும் அண்டை வீட்டாரும் கூப்பிடாமலே வாசலுக்கு வந்தார்கள். இங்கே நாம்தான் படியிறங்கிப் போக வேண்டியிருக்கிறது.

நீங்கள் சலிப்போடு குறிப்பிட்ட அந்தப் பத்து நிமிட நடையையே எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது, பத்து மணிக்கு, சாலையோரமாக நிற்கும் உயரம் குறைந்த செம்பனை ஒன்றின் அருகில் போய் நில்லுங்கள். (தோட்டத்துக்குள் நுழைய வேண்டாம், காவலுக்கு நிற்கும் ஜாகாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பாம்பும் உண்டு.) மட்டைகளின் இடுக்கில், விரல் விரலாகப் பிரிந்து, வெளிர்மஞ்சள் மாவு பூசியது போல ஆண் பூங்கொத்து மலர்ந்திருந்தால், கண்ணுக்கு முன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும்: சமையலறையில் சோம்பு டப்பாவைத் திறந்தது போன்ற மணம். இன்னும் நெருங்கிப் பார்த்தால், எள்ளைவிடச் சற்றே பெரிய கரும்பழுப்பு வண்டுகள் அந்த விரல்கள் மேல் நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இந்த வண்டுக்கும் உங்கள் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் தனித்தனிக் கொத்துகளாக வருவதால், மகரந்தத்தை ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோக யாராவது வேண்டும். 1980 வரை நம் நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் அந்த வேலையை மனிதர்களே செய்தார்கள். மகரந்தத்தை முகமாவுத் தூளோடு கலந்து, பெண் பூக்கள்மீது மரம் மரமாக ஊதிக்கொண்டு போனார்கள். உங்கள் தோட்டத்திலும் யாரேனும் செய்திருக்கக்கூடும். ரஹ்மான் சையது என்ற பூச்சியியலாளர், ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் இந்த வேலையை ஒரு சிறு வண்டு செய்வதைக் கண்டறிந்தார். உரிய சோதனைகளுக்குப் பிறகு 1981இல் அது மலேசியாவுக்கு வந்தது. தீபகற்பத்தில் அதை முதலில் விட்ட இடம் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றுதான். வண்டு முட்டையிட்டுப் பெருகுவது ஆண் பூவில். பெண் பூவும் அதே போன்ற மணத்தை வீசுவதால் ஏமாந்து அங்கே போய், மேலெல்லாம் ஒட்டிய மகரந்தத்தை உதறிவிட்டு வருகிறது. நீங்கள் பொறுக்கிய உதிரிப் பழங்களில் பெரும்பங்கு அந்த ஏமாற்றத்தின் விளைச்சல்தான்.

அதே சாலையோரத்தில், வெண்ணிற இதழும் நடுவில் கருமையும் மஞ்சளுமாகப் பூக்கும் குட்டைச் செடி வரிசையாக இருந்தால் அதையும் பாருங்கள். டர்னெரா என்பது அதன் பெயர். அழகுக்காக நட்டது போலத் தோன்றினாலும், செம்பனை மட்டையைத் தின்னும், கூடு சுமந்து திரியும் புழுக்களை அழிக்கிற சிறு குளவிகளுக்குத் தேன் கொடுப்பதற்காகவே தோட்டங்கள் அதை வளர்க்கின்றன. காலையில் விரிந்த பூ நண்பகல் நெருங்கும்போது மூடிக்கொள்ளும் என்பதால், வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போனால் காணக் கிடைக்காது. கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது எலி பிடிக்கும் கூகைக்கு வைத்த கூடு. கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று நம் பெரியவர்கள் பயந்தார்கள். தோட்ட நிர்வாகமோ அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. இதில் நான் நிர்வாகத்தின் பக்கம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்புறம் காலை ஐந்து மணிக்கே ஒரு குயில் கத்தத் தொடங்கிவிடுகிறது. இரவு வேலை முடிந்து வரும் எனக்குத் தூக்கம் கெடுகிறது. அம்மாவோ “காதுக்கு எவ்வளவு குளிர்ச்சி” என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தொழிற்சாலை ஊழியர், சிம்பாங் ரெங்கம்

பதில்: தம்பி, தூக்கத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, குயிலைப் பற்றி அம்மா சொல்வது சரி. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதற்கு முந்தைய கணக்கில் உங்கள் குயில் கூவுவது நாலரை மணிக்கு. அரை மணி உங்களுக்கு லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த ஊர்க்காக்கையும் நம்மைப் போலக் கடல் கடந்து வந்ததுதான். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். ஓய்வு நாளில் பறவையைத் தேடிப் பாருங்கள். கூவுவது கரிய உடலும் சிவந்த கண்ணும் உள்ள ஆண். அருகிலேயே பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பெண் பதுங்கியிருக்கும். ஒருமுறை அதைக் கண்டுபிடித்துவிட்டால், மறுநாள் விடியலில் எரிச்சல் பாதியாகக் குறையும். மீதிப் பாதிக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் மூன்று இனத்தவரும் இருக்கிறோம், யாரும் யாரோடும் பேசுவதில்லை. கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யும் பொதுப்பணி) என்று அறிவித்தால் நாலு பேர்கூடத் தேறுவதில்லை. ஒற்றுமை வளர என்ன செய்யலாம்?
– குடியிருப்பாளர் ஒருவர், குளுவாங்

பதில்: ஒற்றுமை என்று பெரிதாகத் தொடங்காமல் கருவேப்பிலையிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் பழைய சாயவாளி ஒன்றில் நான் வைத்த செடிக்கு இப்போது என் தோள் உயரம். ஒரு நாள் மாலை இரண்டாம் மாடி மக்சிக் (மலாய்க்கார அம்மா) கையில் மீன் பையோடு வந்து, “டாவுன் காரி கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று மலாயில் கேட்டார். அதுவரை எங்களுக்குள் மின்தூக்கியில் தலையசைப்பு மட்டுமே. அடுத்த வாரம் ஒரு கிண்ணத்தில் மீன்கறி வந்தது. கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்ற வழக்கம் அவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. ஆகவே அது இரண்டு மாடிகளுக்கும் நடுவே இன்னும் போய்வந்துகொண்டிருக்கிறது. சீனப் பெரியவர் ஒருவர் செடியைத் தொடமாட்டார். ஆனால் நான் ஊரில் இல்லாத நாள்களில் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான்.

கோத்தோங் ரோயோங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. வந்த நாலு பேரையும் வேலை முடிந்ததும் எங்காவது உட்கார வையுங்கள். உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய கோப்பிக்கடை இன்றும் நடக்கிறது. கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, கரியடுப்பில் வாட்டி, காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியைத் தின்ன வேண்டிவரும்.

செடி வைப்பதானால், விதையைவிட வளர்ந்த மரத்தின் வேரில் வெடித்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். வாளியின் அடியில் மூன்று நான்கு ஓட்டை போட மறவாதீர்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். என் முதல் செடி அப்படித்தான் போனது.